கடன் கிடைக்கிறது, சந்தை கிடைக்கிறதா? தலித் தொழில்முனைவு குறித்த நூறாண்டு விவாதம்

ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து நூறு பேர் முதலாளிகளாக எழுந்தால் அவர்கள் பிறந்த தெருவும் எழுமா? இந்தியாவில் தலித்துகளைப் பற்றியும் அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பற்றியும் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. எழும் என்றவர்கள் உண்டு, எழாது என்றவர்களும் உண்டு. எழலாம், ஆனால் சில நிபந்தனைகள் நிறைவேறினால்தான் என்றவர்களே மிகுதி. அந்த விடைகளில் சில இன்று மானிய விகிதங்களாகவும் வங்கிச் சுற்றறிக்கைகளாகவும் டெண்டர் விதிகளாகவும் நடைமுறையில் இருக்கின்றன.

கேள்வியின் கனத்தை இரண்டு கணக்குகள் காட்டும். 2005ஆம் ஆண்டுப் பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்த லட்சுமி ஐயர், தருண் கன்னா, அசுதோஷ் வார்ஷ்னே ஆகியோர், மக்கள்தொகையில் 16.4 விழுக்காடாக இருந்த பட்டியல் சாதியினர் நாட்டின் தொழில் நிறுவனங்களில் 9.8 விழுக்காட்டையே உடைமையாகக் கொண்டிருந்தனர் என்று கண்டார்கள். அந்த நிறுவனங்களும் பெரும்பாலும் மிகச் சிறியவை. மேல்தட்டில் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவின் 1,000 முன்னணி நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வு, உறுப்பினர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர் என்றது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்தே 3.5 விழுக்காடுதான்.

இந்த இடைவெளி ஏன், எதைக் கொண்டு அதை நிரப்புவது என்பவற்றில்தான் வாதங்கள் பிரிகின்றன.

## அமெரிக்க முன்கதை

இன்றைய இந்தியத் திட்டங்களில் சிலவற்றின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே விடுதலை பெற்றோருக்கான சேமிப்பு வங்கி ஒன்று தொடங்கப்பட்டது. அதை நிர்வகித்த வெள்ளையர்கள் ஊகவணிகத்தில் பணத்தை இறக்கியதால் 1874இல் வங்கி மூழ்கியது. பல்லாயிரம் பேர் வாழ்நாள் சேமிப்பை இழந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகும் புக்கர் டி. வாஷிங்டன் தொழிலையே வழியாகக் கண்டார். 1900இல் அவர் நிறுவிய நீக்ரோ வணிகக் கழகம், பொருளியல் வலிமை வந்தால் உரிமைகள் பின்தொடரும் என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. டூ பாய்ஸ் அந்த வரிசையை மறுத்தார். வாக்கும் கல்வியும் இல்லாதவன் சேர்க்கும் சொத்துக்குக் காவல் ஏது என்பது அவர் வாதம். 1921இல் டல்சா நகரில் செழிப்பாக இருந்த கறுப்பின வணிகப் பகுதி வெள்ளைக் கும்பலால் எரிக்கப்பட்டபோது அந்த வாதத்துக்குக் கொடிய சான்று கிடைத்தது.

பின்வந்தவர்களில் ஆப்ரம் ஹாரிஸ் 1936இலும் ஃப்ராங்க்ளின் ஃப்ரேசியர் 1957இலும் கறுப்பின முதலாளிகளை நம்பியிருப்பது வீண் என்று எழுதினார்கள். மெர்சா பாரதரன் 2017இல் வெளியான தம் நூலில் அதற்கு ஒரு பொறிமுறை விளக்கம் தந்தார். ஒதுக்கப்பட்ட பகுதியில் வீட்டின் விலை உயராது, வருமானம் நிலையாக இராது. அங்கே இயங்கும் வங்கியில் சேரும் பணம் அங்கேயே பெருகாமல் வெளியேறிவிடும். வறுமையைச் சுற்றி வேலி போட்டுவிட்டு அந்த வேலிக்குள் செல்வத்தை வளர்க்கச் சொல்வது இயலாததைக் கேட்பதாகும்.

ஆனால் அமெரிக்கா விட்டுச்சென்ற வலுவான படிப்பினை வங்கியைப் பற்றியது அன்று, அரசுக் கொள்முதலைப் பற்றியது. நிக்சன் 1969இல் சிறுபான்மைத் தொழில்களுக்கென அலுவலகம் ஒன்றை அமைத்தார். 1977இல் மத்திய அரசின் பொதுப்பணி நிதியில் 10 விழுக்காடு அத்தொழில்களுக்கு ஒதுக்கப்பட்டது. பல நகரங்கள் தாமாகவே ஒதுக்கீடு செய்தன. அட்லாண்டாவில் மேயர் மேனார்டு ஜாக்சன், விமான நிலையக் கட்டுமானத்தில் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பங்கு தராவிட்டால் பணியே தொடங்காது என்று நின்றார். 1989இல் ரிச்மண்டு நகரின் 30 விழுக்காட்டு ஒதுக்கீட்டை உச்சநீதிமன்றம் ரத்து செய்ததோடு அந்த அலை தணிந்தது. 2024இல் டெக்சாஸின் மத்திய நீதிமன்றம் ஒன்று, நிக்சன் அமைத்த அலுவலகத்தின் வழிவந்த முகமை இனத்தை மட்டும் வைத்துப் பயனாளிகளைத் தேர்வது செல்லாது என்றது. அங்கே சட்டம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது.

## அம்பேத்கரின் ஐயம்

இந்தியாவில் இந்த விவாதம் அம்பேத்கரைத் தொடாமல் நகராது. இரு தரப்பும் அவரையே துணைக்கு அழைக்கின்றன, இரு தரப்புக்கும் ஓரளவு நியாயம் இருக்கிறது. 1918இல் சிறு நிலவுடைமை பற்றி எழுதிய கட்டுரையிலேயே, வேளாண்மையில் தேங்கிக்கிடக்கும் உழைப்பைத் தொழில்மயம்தான் விடுவிக்கும் என்று அவர் வாதிட்டார். கிராமத்தைவிட்டு நகரத்துக்கும் தொழிலுக்கும் நகர்வதை அவர் விரும்பினார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்வோரையே பிரித்து வைப்பது என்ற அவரது 1936ஆம் ஆண்டு வாதம், பிறப்பால் தொழிலை விதிக்கும் முறை பொருளாதாரத்துக்கே கேடு என்றும் காட்டியது.

ஆனால் 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியத்தையும் முதலாளித்துவத்தையும் இரட்டை எதிரிகளாக நிறுத்தியவரும் அவரே. 1947இல் அரசியல் நிர்ணய அவைக்காக அவர் தயாரித்த ஆவணம் முக்கியத் தொழில்களும் வேளாண் நிலமும் அரசுடைமையாக இருக்க வேண்டும் என்றது. தனியார் கையில் பொருளாதாரம் இருந்தால், வேலைக்காகக் கையேந்தும் மனிதன் தன் உரிமைகளை விட்டுக்கொடுக்க நேரும் என்பது அவர் அச்சம். ஆனந்த் டெல்டும்டே போன்றோர் 'தலித் முதலாளித்துவம்' என்ற கருத்தை மறுக்கும்போது இந்த இழையைத்தான் பற்றுகிறார்கள். கோபால் குரு 2012இல், தலித் கோடீசுவரர்களின் எழுச்சி என்பது பெருந்திரளின் நிலையை மறைக்கும் காட்சிப்பொருளாக ஆகிவிடுகிறது என்று எழுதினார்.

இந்த விமர்சனம் கூர்மையானது. அதன் பலவீனமும் வெளிப்படையானது. அரசுடைமைக்கான பாதை 1991க்குப் பிறகு குறுகிவிட்டது. அரசு வேலையும் சுருங்குகிறது. அப்படியிருக்க, தனியார் பொருளாதாரத்துக்குள் தலித்துகள் கூலியாட்களாக மட்டும் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு இத்தரப்பிடமிருந்து நேர் விடை வந்ததாகத் தெரியவில்லை.

## சந்தையை நம்புவோர்

2002 ஜனவரியில் போபாலில் கூடிய தலித் அறிவாளர் மாநாடு அந்த இடத்தில்தான் திசை மாற்றியது. இடஒதுக்கீட்டோடு நில்லாமல் அரசுக் கொள்முதலிலும் தனியார் மூலதனத்திலும் பங்கு கேட்டது. அமெரிக்கக் கொள்முதல் ஒதுக்கீட்டை இந்தியாவுக்குப் பொருத்தியவர்களில் சந்திரபான் பிரசாத் முதன்மையானவர். 2005இல் மிலிந்த் காம்ப்ளே புனேயில் தலித் தொழில் வர்த்தகச் சபையைத் தொடங்கினார். வேலை கேட்பவராக இருந்தது போதும், வேலை கொடுப்பவராக மாறுவோம் என்பது அதன் முழக்கம்.

இத்தரப்பின் ஆய்வு வேலை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தேவேஷ் கபூர், பிரசாத், லாண்ட் பிரிட்செட், ஷியாம் பாபு ஆகியோர் உத்தரப் பிரதேசத்தின் இரண்டு ஒன்றியங்களில் ஏறத்தாழ 19,000 தலித் வீடுகளில் கணக்கெடுத்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 1990க்கும் 2007க்கும் இடையில் உணவு, உடை, விருந்தில் உட்காரும் இடம், செத்த மாட்டை அகற்றும் வேலை, பண்ணையடிமை உழவு என்று எல்லாவற்றிலும் மாற்றம் நேர்ந்திருந்தது. நகரச் சந்தை சாதியின் பிடியைத் தளர்த்துகிறது என்று அவர்கள் படித்தார்கள். அதே தரவை வேறு விதமாகவும் படிக்கலாம். அந்தக் காலத்தில்தான் அங்கே பகுஜன் சமாஜ் கட்சி ஆட்சிக்கு வந்தது. மாற்றத்தில் சந்தையின் பங்கு எவ்வளவு, அதிகாரத்தின் பங்கு எவ்வளவு என்பதை அந்தக் கணக்கெடுப்பு பிரித்துக் காட்டவில்லை.

## நாடார் வழி எல்லோருக்கும் வழியா?

தமிழ்நாட்டில் இந்த விவாதம் எழுந்தவுடன் வரும் எடுத்துக்காட்டு நாடார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இழிவாக நடத்தப்பட்ட ஒரு சமூகம், வணிகத்தின் வழியாக ஒரு நூற்றாண்டில் தலைநிமிர்ந்தது. ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969இல் வெளியிட்ட ஆய்வு நூலுக்குப் பிறகு உலக அறிவுலகிலும் இது மேற்கோளாகிவிட்டது. ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் குடியேறிய வணிகர்கள் முதலில் கட்டியது பேட்டைகளை. பயணத்தில் சரக்குக்கும் மாட்டுவண்டிக்கும் ஆளுக்கும் அங்கே பாதுகாப்பு இருந்தது. உறவின்முறை அமைப்பு ஒவ்வொரு வணிகரின் சரக்கின் மீதும் மகமை வசூலித்தது. அந்தப் பொதுப்பணத்தில் கிணறு, சத்திரம், பள்ளி என்று எழுந்தன. 1889இல் விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை அதன் பெருமைக்குரிய விளைவு. 1910இல் மகாஜன சங்கமும் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியும் வந்தன. அந்த வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

இதில் கவனிக்கத்தக்கது, தனி முதலாளியின் லாபத்தில் ஒரு பகுதி ஊர்ப் பணமாக மாறுவதற்கு ஒரு கட்டாயமான ஏற்பாடு இருந்ததுதான். முதலாளி நல்லவரா என்பதைப் பொறுத்து அது நிற்கவில்லை. இன்றைய திட்டங்கள் எவற்றிலும் இதற்கு ஈடான உறுப்பு இல்லை.

ஆனால் இதே வரலாறு எச்சரிக்கையும் தருகிறது. செல்வம் வந்த பிறகும் கோவில் திறக்கவில்லை. 1897இல் கமுதிக் கோவிலில் நுழைந்ததற்காகத் தொடங்கிய வழக்கில் 1908இல் பிரிவி கவுன்சில்வரை சென்றும் நாடார்கள் தோற்றார்கள். 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனையேறிகளுக்கு வடக்கத்தி வணிகர்களின் வளம் நெடுங்காலம் எட்டவேயில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாடார்களிடம் கருப்பட்டி என்ற சொந்தச் சரக்கும் அதைக் கொண்டுபோய் விற்கும் வழித்தடமும் இருந்தன. தலித்துகளின் சரக்கை, குறிப்பாக உணவையும் பாலையும், வாங்கக் கைநீட்டாத சந்தையில் அதே வழி திறக்கும் என்று சொல்ல முடியாது. 

தலித்துகளிலும் வணிகர் எழாமல் இல்லை. அவர்கள் எழுந்த இடங்களைப் பார்த்தால் ஒரு செய்தி கிடைக்கிறது. பெ. மா. மதுரைப் பிள்ளை பொருளீட்டியது ரங்கூனில். அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக்கிப் பாதுகாத்த சித்தார்த்த புத்தகசாலை இருந்தது கோலார் தங்கவயலில். ஊரின் கண் எட்டாத தொலைவில்தான் பணம் சேர்ந்தது, அந்தப் பணமே பள்ளியாகவும் பதிப்பகமாகவும் ஆனது.

## சந்தைக்குள் இருக்கும் சாதி

மூன்றாம் தரப்பு சந்தையை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சந்தை எதனால் ஆனது என்று கேட்கிறது. பார்பரா ஹாரிஸ்-வைட் 1973 முதல் ஆரணியைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். நெல்லும் பட்டும் புழங்கும் அந்த ஊரில் வணிகர் சங்கங்கள், கடன், நம்பிக்கை, தகராறு தீர்ப்பு எல்லாமே சாதி உறவுகளோடு பின்னிக்கிடப்பதை அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் காட்டினார்கள். திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி எழுதிய நூலும் இங்கே பொருந்தும். கவுண்டர் தொழிலாளிகள் பலர் அங்கே முதலாளிகளானது கடும் உழைப்பால்தான். அந்த உழைப்பை நம்பி நூலைக் கடனாகத் தரவும் ஆர்டரைப் பிரித்துக் கொடுக்கவும் ஒரே சாதிக்குள் ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து இயந்திரத்தில் அதே அளவு உழைத்த தலித்துக்கு அந்தத் தொடர்பு கிடையாது.

சுரிந்தர் ஜோத்கா பானிப்பட்டிலும் சஹாரன்பூரிலும் தலித் வணிகர்களிடம் பேசி 2010இல் எழுதியதும் இதையே சொல்கிறது. கடை வாடகைக்குக் கிடைப்பது, மொத்த வியாபாரி தவணையில் சரக்குக் கொடுப்பது, வாடிக்கையாளர் திரும்ப வருவது என்று ஒவ்வொன்றிலும் தடை. அசீம் பிரகாஷ் 2015இல் இதற்குப் 'பாதகமான உள்ளிணைப்பு' என்ற பொருள்படும் பெயரிட்டார். தலித் முதலாளி சந்தைக்கு வெளியே நிறுத்தப்படுவதில்லை. உள்ளே விடப்படுகிறார், ஆனால் கூடுதல் வட்டிக்கும் குறைந்த விலைக்கும் கடைசியில் வரும் பில் தொகைக்கும் உட்பட்டவராக.

இந்தத் தரப்பே உண்மைக்கு மிக அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. அதன் குறை வேறு. நோயைத் துல்லியமாகச் சொல்லும் இந்த ஆய்வுகள், ஓர் அதிகாரி நாளைக் காலையில் என்ன செய்யலாம் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

## அரசின் இரண்டு கைகள்

அரசு இதுவரை இரண்டு வகையில் தலையிட்டிருக்கிறது. ஒன்று பணம் தருவது, மற்றது பொருளை வாங்குவது.

பணம் தரும் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தமிழ்நாட்டில் 1974இல் வீடு கட்டும் கழகமாகத் தொடங்கிய தாட்கோ பின்னர் தொழில் கடனுக்கும் மானியத்துக்கும் விரிந்தது. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா, ஒவ்வொரு வங்கிக் கிளையும் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோருக்கும் ஒரு பெண்ணுக்கும் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய்வரை கடன் தர வேண்டும் என்றது. நடைமுறையில் கடன்களில் பெரும்பகுதி பெண்கள் என்ற பிரிவில் சென்றது. பட்டியல் சாதியினரின் பங்கு குறைவு. 2023இல் தமிழக அரசு அறிவித்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தருகிறது. முந்தையவற்றைவிடத் தாராளமானது.

ஆனாலும் கடன் மேசையில் பழைய கேள்வி காத்திருக்கிறது. அடமானம் என்ன? 1892 அரசாணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி இன்று பிறர் கையில். நலத்துறை தந்த வீட்டுமனைகளிலோ விற்கவும் ஈடுவைக்கவும் நிபந்தனைகள் உண்டு. அந்த நிபந்தனைகள் பறிபோகாமல் காக்கப் போடப்பட்டவை. அவையே கடனுக்குத் தடையாகவும் நிற்கின்றன. அவற்றை நீக்கினால் நிலம் போய்விடும், வைத்திருந்தால் வங்கி நகராது. ஈடில்லாக் கடனுக்கு அரசு உத்தரவாத நிதியம் இருந்தும் மேலாளர்களின் தயக்கம் தீர்ந்தபாடில்லை.

வாங்கும் கை இதைவிட வலிமையானது, இதைவிடக் குறைவாகவே பயன்படுத்தப்படுகிறது. 2012ஆம் ஆண்டு மத்திய அரசின் கொள்முதல் கொள்கை, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வாங்குவதில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடிச் சிறுதொழில்களிடம் வாங்க வேண்டும் என்கிறது. வாங்கப்படுவது அந்த இலக்குக்கு வெகு கீழே நிற்கிறது. தகுதியான விற்பனையாளர் இல்லை என்கிறார்கள் வாங்குவோர். ஆர்டர் இல்லாமல் தகுதி எப்படி வரும் என்கிறார்கள் தொழில்முனைவோர். தவறினால் தண்டம் இல்லாத இலக்கு என்பதால் இந்த வாதம் ஆண்டுதோறும் அப்படியே திரும்புகிறது. கர்நாடகம் கடுமையான வழியைத் தேர்ந்தது. சிறு பொதுப்பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதியினருக்கு 17.15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 6.95 விழுக்காடும் சட்டத்தாலேயே ஒதுக்கியது. முதலில் 50 லட்சம் ரூபாயாக இருந்த பணி வரம்பு பின்னர் 1 கோடியாக உயர்ந்தது. பினாமிகள் நுழைய இடமுண்டு என்பது இதன் மீதான நியாயமான ஐயம். ஆனால் அந்த ஐயத்துக்கு மருந்து கண்காணிப்புதான். ஒதுக்கீட்டைக் கைவிடுவது மருந்தாகாது.

## முதலாளியிலிருந்து தெருவுக்கு

தொடக்கக் கேள்வியின் இரண்டாம் பாதி இன்னும் மிச்சமிருக்கிறது. தொழில் வளர்ந்தால் சமூகத்துக்கு என்ன? இங்கே அமெரிக்கச் சான்றே தெளிவாக உள்ளது. கறுப்பினத்தவர் நடத்தும் நிறுவனங்கள், எங்கே அமைந்திருந்தாலும், பெரும்பாலும் சிறுபான்மையினரையே வேலைக்கு எடுக்கின்றன என்று திமோத்தி பேட்ஸ் காட்டினார். சட்டர்ஜி, சே, ஃபேர்லி ஆகிய மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 1980களில் நகர ஒப்பந்த ஒதுக்கீடு வந்த இடங்களில் கறுப்பினத்தவரின் சுயதொழிலும் வேலைவாய்ப்பும் உயர்ந்ததைக் கண்டது. பெரும் பயன் அடைந்தவர்கள் அவர்களுள் கூடுதலாகப் படித்தவர்கள் என்பதையும் அது சேர்த்தே சொன்னது. கதவு திறந்தால் வாசலுக்கு அருகில் நிற்பவர்தான் முதலில் நுழைவார்.

தமிழ்நாட்டில் வாசலுக்கு மிகத் தொலைவில் நிற்பவர்கள் அருந்ததியர். 2009இல் கல்வியிலும் வேலையிலும் 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு அவர்களுக்குத் தரப்பட்டது. உள்வகைப்படுத்தல் செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. தொழில் கடனிலும் கொள்முதலிலும் அப்படியொரு உள்பங்கீடு வேண்டும் என்ற குரல் இன்னும் வலுப்பெறவில்லை. வலுப்பெற வேண்டும்.

## தீராதவை

திட்டங்கள் எத்தனை கடன்கள் வழங்கப்பட்டன என்று எண்ணுகின்றன. ஐந்தாண்டு கழித்து எத்தனை தொழில்கள் உயிரோடு உள்ளன, அங்கே எத்தனை பேருக்கு என்ன கூலி, அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பன எண்ணப்பட்டால்தான் மேற்கண்ட தரப்புகளுக்குள் நியாயம் பேச முடியும். 'ஜெம்' போன்ற அரசின் இணையச் சந்தை விற்பவரின் முகத்தை மறைத்துச் சாதியின் பிடியைத் தளர்த்துமா, அல்லது பெரிய விற்பனையாளருக்கே வசதியாகுமா என்பதும் தீர்க்கப்படவில்லை. இன்று கிடைத்திருக்கும் சான்றுகளை வைத்து எச்சரிக்கையோடு இவ்வளவு சொல்லலாம்: ஆர்டர் இல்லாத கடன் பெரும்பாலும் கடனாகவே முடிகிறது. உறுதியான ஆர்டர் வந்த இடங்களில் பலன் தெரிகிறது, ஆனால் அது கீழ்த்தட்டுவரை தானாக இறங்குவதில்லை.

இதற்கான சோதனை ஒன்று சென்னையில் நடந்துகொண்டிருக்கிறது. 2023 இறுதியில், தூய்மைப் பணியாளர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கழிவுநீர் அகற்றும் நவீன வாகனங்களின் உரிமையாளர்களாக ஆக்கப்பட்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வாகனங்கள், அரசு மானியத்தோடு வங்கிக் கடன், கூடவே சென்னைக் குடிநீர் வாரியத்தின் பல ஆண்டுக்கால ஒப்பந்தம். டெல்லியில் 2019இல் தொடங்கிய முயற்சியின் வழியில் வந்தது இது. கடனும் ஆர்டரும் ஒருங்கே கிடைக்கும் அரிதான ஏற்பாடு. மனிதன் குழிக்குள் இறங்கிச் சாவதைத் தடுக்கும் என்பதற்காகவே வரவேற்கத்தக்கது. அதே சமயம், சாதி ஒதுக்கிய அதே வேலையில்தான் உரிமையாளராகவும் இருக்க வேண்டுமா என்ற அம்பேத்கரியர்களின் எதிர்ப்பும் நேர்மையானது. அந்த எதிர்ப்புக்கு இப்போதே விடை சொல்ல முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்து, கடன் அடைந்து, வாகனம் தம் பெயருக்கு வந்த பிறகு அந்தக் குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் பணத்தை நகர்த்துகின்றனவா, அல்லது அடுத்த டெண்டருக்காக வாரியத்தின் வாசலிலேயே நிற்கின்றனவா என்பதைக் குடும்பம் குடும்பமாகப் பின்தொடர்ந்து பதிவுசெய்யும் வேலையை அரசோ ஒரு பல்கலைக்கழகமோ இன்றே தொடங்க வேண்டும்.